வென்ஃப்ளான்: போடும்போது பாதி, போட்ட பிறகு மீதி

வாய்வழி மருந்து செல்லாதவர், மருந்து உடனே ரத்தத்தில் கலக்க வேண்டியவர், ரத்தமோ திரவமோ ஏற வேண்டியவர்: இவர்களுக்குத்தான் வென்ஃப்ளான், அதாவது ஊசியின் மேல் பொருத்தி வரும், சிரைக்குள் (ரத்தக் குழாய்க்குள்) விட்டு வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போட்டு வைத்த குழாயால் கிருமிக்குத்தான் லாபம்.

நிறத்தைப் பார்த்தே அளவு (கேஜ் எண்) தெரியும்: சாம்பல் 16, பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலியும். பெரும் ரத்தப்போக்குக்கு 16 அல்லது 18. பெரியவர்களின் வழக்கமான மருந்துக்கு 20 அல்லது 22, குழந்தைக்கு 24. வேலைக்குப் போதுமான மெல்லியதே நல்லது. குழாயைச் சுற்றிலும் ரத்தம் ஓடி மருந்தைக் கரைத்துவிடும்.

முன்கைதான் நல்ல இடம். முழங்கை மடிப்பில் சிரை எளிதாகக் கிடைக்கும். ஆனால் கை மடங்கும்போதெல்லாம் குழாய் உள்சுவரை உரசும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்தது) உள்ள கை, அக்குள் நெறிக்கட்டிகளை அகற்றிய பக்கம், செயலிழந்த கை ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

குத்தும் இடத்துக்கு 7 முதல் 10 செ.மீ. மேலே பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ஆல்கஹால் கலந்த 2% குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் 30 விநாடி தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். பிறகு தொட்டுப் பார்க்காதீர்கள். தோலை இழுத்துப் பிடித்து, 10–30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். ஊசியின் பின்னால் உள்ள சிற்றறையில் ரத்தம் தெரிந்ததும் பலர் அவசரப்படுவது இங்கேதான். ஊசிமுனை சிரைக்குள் இருக்கும். சற்றுப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் முனை வெளியிலேயே நின்றிருக்கும். சாய்வைக் குறைத்து 2 மி.மீ. முன்னேறிய பிறகே குழாயை மட்டும் நழுவவிடுங்கள். கட்டை அவிழ்த்து, குழாய் முனைக்கு மேலே சிரையை அழுத்திக்கொண்டு ஊசியை உருவுங்கள். உருவிய ஊசியைத் திரும்ப நுழைக்கவே கூடாது. குழாயைச் சீவி, துண்டு ரத்தத்தோடு போய்விடும்.

‘நரம்பு கிடைக்கலை’ என்று எல்லோரும் சொல்வது சிரையைத்தான். குத்தும்போது மின்சாரம் பாய்ந்தாற்போல் விரல்வரை சுரீரென்றால்தான் நிஜ நரம்பு, உடனே எடுத்துவிடுங்கள்.

போட்டதும் குழாய் வழியே 5 மி.லி. நார்மல் சலைன் (உப்புநீர்க் கரைசல்) தடையின்றிப் போக வேண்டும். அடைத்தால் பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். ஒட்டும் படலம் ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் அடியில் சிவந்தது யாருக்கும் தெரியாது. தேதி, நேரம் எழுதுங்கள்.

ஒவ்வொரு ஷிப்டிலும் பாருங்கள். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு சேர்ந்தால் எடுத்துவிட்டு வேறிடத்தில் போடுங்கள். வீங்கிக் குளிர்ந்திருந்தால் திரவம் சிரைக்கு வெளியே, சுற்றியுள்ள திசுவுக்குள் போகிறது. அதுவே கால்சியம், நார்அட்ரினலின், 50% டெக்ஸ்ட்ரோஸ் போன்றவையானால் தோல் அழுகலாம்: மருந்தை நிறுத்தி, குழாயை எடுக்குமுன் அதன் வழியே முடிந்தவரை உறிஞ்சி, மருத்துவரை அழையுங்கள்.

24 மணி நேரமாக எதுவும் ஏறவில்லையென்றால் எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்ததும் உலர்ந்த பஞ்சுத்துணியால் 2–3 நிமிடம் அழுத்தி, குழாய் முனை முழுதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.