பேட்டரி மாற்றியும் ஸ்டார்ட் ஆகாத கார்: கோளாறு இருந்தது எர்த் கேபிளில்

வாங்கிய இரண்டாம் வருடத்திலிருந்தே என் கார் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள், அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரை. பத்து நாள் ஓடும். பிறகு பழைய கதைதான். நான்காவது முறை, "ஸ்கேனரில் எந்த எரர் கோடும் இல்லை சார்" என்று வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அன்று எனக்கு மனசே விட்டுப்போனது.

வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரோடு நானே உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. இரண்டும் சரி. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, மனைவியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.8 காட்டியது. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; எர்த் பாதையில், அதாவது கரண்ட் எஞ்சின், பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில், சின்னத் தடை இருந்தாலே மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்டேஜ் அங்கேயே வீணாகிவிடும். ஸ்கேனர் இதைக் காட்டாது.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றினேன். (முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், மறக்க வேண்டாம்.) லக்கின் (கேபிள் முனையில் போல்ட் போடும் உலோக வளையம்) அடியில் பெயின்ட்! அதைச் சுரண்டாமலே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் துரு வேறு. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புதுக் கேபிள் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தால் 0.1.

எட்டு மாதமாக ஒரு காலைகூட மக்கர் செய்யவில்லை. ஆனால் அந்த கம்பெனி மேல் நம்பிக்கை போனது போனதுதான். ஒரு கேபிளை அளந்து பார்க்காமல் இரண்டு பாகங்களை மாற்றியவர்களிடம் அடுத்த வண்டி வாங்க மாட்டேன்.