பிள்ளை தலைமுடிக்கு ரிமார்க் வந்தா நாம பண்ற தப்புங்க

போன ஜூன்ல ஸ்கூல் தொறந்து ரெண்டாவது வாரம், எம் பொண்ணு, அஞ்சாங்கிளாஸ், சாயங்காலம் வரும்போதே தலையில கைய வெச்சுக்கிட்டே வந்தா. பாத்தா நாலு ரப்பர். ஹேர்பேண்ட் இல்லங்க, மளிகைக் கடைல பொட்டலத்துக்குப் போடுவாங்களே அந்த மஞ்ச ரப்பர். அசெம்ப்ளில சூப்பர்வைசர் மிஸ் தனியா நிக்க வெச்சு, பாட்டில் தண்ணிய தலையில தெளிச்சு, அமுக்கி அமுக்கி கட்டி விட்டாங்களாம். சுருட்டை முடில அந்த ரப்பர் மாட்டுச்சுன்னா உருவ முடியாது, கத்தரி வெச்சு ஒண்ணொண்ணா வெட்டித்தான் எடுத்தேன், அப்படியும் ரப்பரோட சேந்து ஒரு கொத்து முடி கையோட வந்துச்சு. அவ அழல, கண்ணாடியப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. காலண்டர்ல (மும்பைல ஸ்கூல் டைரிய நாங்க காலண்டர்னுதான் சொல்லுவோம்) செவப்பு இங்க்ல ரிமார்க், முடி நீட்டா இல்ல, நாளைலேந்து ஒழுங்கா வரணும்னு.

அன்னிக்கு ராத்திரி நான் பண்ணது பூரா தப்புதான். அப்புறம் தாராவி, சயான் பக்கம் நம்ம ஆளுங்ககிட்ட பேசப் பேசத்தான் தெரிஞ்சுது, எல்லாரும் இதே தப்பத்தான் வரிசையா பண்ணிருக்கோம்னு. அதான் எழுதறேன்.

மொத தப்பு, முடிய மாத்தக் கெளம்பறது. நான் நேரா பார்லருக்கு போன் போட்டேன், ஸ்மூத்தனிங்க்கு (முடிய நேராக்கற ட்ரீட்மெண்ட்) நாலாயிரம்னாங்க, பத்து வயசுப் பிள்ளைக்குப் பண்ணலாமான்னு கேட்டா பண்ணலாமே ஆன்ட்டின்னு சாதாரணமா சொல்றாங்க. நல்ல வேளை எங்க வீட்டுக்காரர் காசு இல்லன்னுட்டாரு. ஸ்மூத்தனிங், கெரட்டின்னு விக்கறதுல பல அயிட்டம் சூடு பட்டா ஃபார்மால்டிஹைடு கேஸ் விடும், அது கேன்சர் வர வைக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி ஏஜென்சியே லிஸ்ட் போட்டு வெச்சிருக்கு. அவ்வளவும் பண்ணாலும் வேர்லேந்து புதுசா வர்றது சுருட்டையாத்தான் வரும், ஏன்னா முடி மொளைக்கற குழியே வட்டமா இல்லாம சப்பையா இருக்கறதாலதான் அது வளைஞ்சு வருது. தலையில ஊர்ற எண்ணெய்ப்பசை அந்த வளைவுல எறங்கி நுனி வரைக்கும் போய்ச் சேராது, அதான் நுனி எப்பவும் காஞ்சே கெடக்கும். காஞ்ச தலையில நெருக்கப் பல்லு சீப்பப் போட்டு காலைல ஏழு மணிக்கு இழுத்தா சிக்கு போகாது, முடிதான் ஒடையும், தலை இன்னும் பஞ்சு மாதிரி உப்பிக்கும், ஸ்கூல்ல மறுபடி ரிமார்க் வரும். ஈரமா இருக்கும்போது, அகலப் பல்லு சீப்பால, நுனிலேந்து ஆரம்பிச்சு மேல போகணும். இது எனக்கு முப்பத்தாறு வயசுலதான் தெரிஞ்சுது, எனக்கும் சுருட்டைதான். இறுக்கி ரெட்டை சடை போட்டா அடங்கிடும்னு நெனைப்போம், தெனம் அப்படி இழுத்துக் கட்டினா நெத்தி ஓரத்துல முடி ஏறிப் போயிரும், சில பேருக்கு திரும்ப மொளைக்காமலே போகும்.

ரெண்டாவது தப்ப சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஸ்கூல் சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம வீட்டுல சொல்லிடறோம். எங்க ஆச்சி தெனம் காலைல, "எட்டி, தலைய பாரு, குருவிக்கூடு மாதிரி கெடக்கு"ம்பாங்க. பாசமாத்தான் சொல்றாங்க, ஆனா பிள்ளை காதுல அது பாசமா விழுதான்னு நாம கேக்கவே இல்ல. பரட்டைன்னு கூப்பிடாத தமிழ் வீடு இருக்கா? கறுப்பு, சுருட்டை ரெண்டும் சேந்த பிள்ளைன்னா கல்யாணத்துல சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிட்டுப் போவாங்க. வெளிய போனா கிளாஸ்ல எண்ணெய் வெச்ச தலைய சிப்குன்னு (பிசுபிசுன்னு ஒட்டறதுன்னு) கிண்டல், எண்ணெய் வெக்காம போனா ஜங்கிள்னு கிண்டல். ரெண்டு பக்கமும் அடி வாங்கற பிள்ளை, மிஸ் ரப்பர் போட்டா சரிதான் போலன்னு நின்னுக்கிட்டுத்தான் இருக்கும்.

அடுத்தது, ரூல் என்னன்னே படிக்காம சண்டைக்குப் போறது. காலண்டரோட மொத பத்து பக்கத்துல இருக்கும் பாருங்க, நான் நாலு வருஷமா அதத் தொறந்ததே இல்ல. எங்க ஸ்கூல் ரூல்ல இருந்தது, தோளுக்குக் கீழ போனா சடை, கறுப்பு ரிப்பன், கலர் க்ளிப் கூடாது, தலை நீட்டா இருக்கணும். மொத மூணும் முடிய எப்படிக் கட்டணும்ங்கறது, அதக் கேக்க ஸ்கூலுக்கு உரிமை இருக்கு, லேப்லயும் கிரவுண்ட்லயும் அவிழ்த்துவிட்ட முடி ஆபத்துதான், அதுக்கெல்லாம் போய் மல்லுக்கு நிக்காதீங்க. கடைசி வார்த்தைதான் வில்லங்கம். நீட்னா என்ன? கோரை முடி மாதிரி படிஞ்சு கெடந்தா நீட், இல்லாட்டி இல்லன்னு ஆகிப்போச்சுன்னா, எம் பொண்ணு எண்ணெய் வெச்சு, சிக்கெடுத்து, ரிப்பன் கட்டிட்டுப் போனாலும் அவளால அந்த ரூல ஜென்மத்துக்கும் காப்பாத்த முடியாது. அவ எல்லாம் பண்ணியும் தப்பு மிச்சமிருக்குன்னா அப்ப தப்பு அவ செஞ்சது இல்லையே, அவ பொறந்ததுல இருக்குன்னுதானே அர்த்தம்.

உடனே ஸ்கூல்ல சொல்வாங்க, எல்லாருக்கும் ஒரே ரூல் மேடம், இதுல பாரபட்சம் எங்க வந்துச்சுன்னு. அங்கதான் நாம வாயடைச்சுப் போய் திரும்பி வருவோம், நானும் வந்தேன். இதுக்குப் பதில் நம்ம ஆளு ஒருத்தர் கேஸ்லயே இருக்கு. தென்னாப்பிரிக்கா டர்பன்ல, தமிழ்ப் பூர்வீகமுள்ள ஒரு ஸ்கூல் பொண்ணு 2004-ல மூக்குத்தி குத்திக்கிட்டு வந்துச்சு, ஸ்கூல் கழட்டச் சொல்லுச்சு, அம்மா கோர்ட்டுக்குப் போனாங்க, அவங்க குடும்பப் பேரு பிள்ளை (Pillay), கேஸுக்கும் அதே பேருதான். கீழ்க் கோர்ட்டுல தோத்து, மேல ஜெயிச்சு, 2007-ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் பொண்ணு பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அதுல பிடிச்ச பாயிண்ட் இது, ரூல்ல தோடு போடலாம்னு இருக்கு, மூக்குத்திக்குத்தான் எடமில்ல, அப்ப அந்த ரூல் பொதுவானது இல்ல, ஏற்கெனவே பெரும்பான்மையா இருக்கறவங்க பழக்கத்த நார்மல்னு வெச்சுக்கிட்டு எழுதினது. மதத்துல கட்டாயம் இல்லாம இஷ்டப்பட்டுச் செய்யற பழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டுன்னும் சொல்லிட்டாங்க. தீர்ப்பு வர்றப்போ அந்தப் பொண்ணு ஸ்கூலே முடிச்சிருச்சு, அது வேற விஷயம். லண்டன்லயும் இதே மாதிரி, பின்னல் வெச்சுட்டு மொத நாள் போன பதினோரு வயசுக் கறுப்பினப் பையன வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, எல்லாருக்கும் பொது ரூல்தான்னு ஸ்கூல் சொல்லிப் பாத்துச்சு, 2011-ல ஹைகோர்ட் அது மறைமுக இனப் பாகுபாடுன்னு சொல்லிருச்சு.

இதெல்லாம் தெரிஞ்சதும் வர்ற ஆசைதான் அடுத்த தப்பு, அப்படியே பிரின்ட் எடுத்துட்டுப் போய் பிரின்சிபால் டேபிள்ல போடறது. எங்க பில்டிங்ல ஒரு அண்ணன் அமெரிக்காவோட கிரவுன் சட்டத்தச் சொல்லி லெட்டரே எழுதிட்டாரு. அது 2019-ல கலிஃபோர்னியால மொதல்ல வந்த சட்டம், அப்புறம் இருபதுக்கு மேல மாநிலத்துல வந்துச்சு, இயற்கையான முடி, ஆஃப்ரோ, பின்னல் இதுகளுக்காக ஸ்கூல்லயோ வேலைலயோ ஒதுக்கக் கூடாதுன்னு. நல்ல சட்டம்தான், ஆனா தாராவில அது செல்லுபடியாகாதே. அங்கயே டெக்சாஸ்ல 2023 செப்டம்பர்ல அந்தச் சட்டம் அமலுக்கு வந்தப்புறமும் ஒரு பையன முடிக்காக மாசக்கணக்கா கிளாஸுக்கு வெளிய வெச்சாங்க, சட்டத்துல நீளத்தப் பத்தி ஒண்ணும் இல்லையேன்னு 2024-ல ஜட்ஜ் ஸ்கூல் பக்கமே சொல்லிட்டாரு. அதனால வெளிநாட்டுக் கேஸெல்லாம் நம்ம தெளிவுக்கு வெச்சுக்கோங்க, லெட்டர்ல உள்ளூர்ச் சரக்க எழுதுங்க.

உள்ளூர்ச் சரக்கு என்னன்னா, முடின்னு பேர் சொல்லி நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்ல. ஆனா கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, எந்தப் பிள்ளையையும் அடிக்கவோ மன உளைச்சல் குடுக்கவோ கூடாதுன்னு இருக்கு. அசெம்ப்ளில நானூறு பேர் முன்னாடி தண்ணி ஊத்தி ரப்பர் போடறது மன உளைச்சல் இல்லன்னா வேற எது? பிரிவு 32-ல புகார் லோக்கல் அதாரிட்டிக்குப் போகணும், மும்பைன்னா முனிசிபாலிட்டி, அவங்க மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், திருப்தி இல்லன்னா மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு அப்பீல். இதுல ரெண்டு ஓட்டை இருக்கு, தெரியாமப் போனா அசிங்கப்பட்டுத் திரும்புவீங்க. ஒண்ணு, இந்தச் சட்டம் ஆறுலேந்து பதினாலு வயசுக்குத்தான். இன்னொண்ணு, மைனாரிட்டி ஸ்கூலுக்கு இது பொருந்தாதுன்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நம்ம பிள்ளைங்க போற கான்வென்ட் நெறைய அதுலதான் வரும், இங்க தமிழ்க்காரங்க நடத்தற ஸ்கூல்கூட மொழி மைனாரிட்டியா இருக்கலாம், மொதல்ல விசாரிங்க. அப்படின்னாலும் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு நேரா எழுதலாம், அது 2005-ல வந்த தனிச் சட்டத்துல வந்த அமைப்பு. கை வெச்சு அடிச்சாங்க, முடிய வெட்டினாங்கன்னா அது போலீஸ் வரைக்கும் போற விஷயம், 2017-ல இங்க மும்பை விக்ரோலி பக்கம் ஒரு ஸ்கூல்ல பசங்க முடிய வெட்டினதுக்கு ஸ்கூல் ஆளுங்கள அரெஸ்டே பண்ணாங்க. பையன்தானே, வெட்டினா மொளைச்சிரும்னு சிரிச்சுட்டு விடறவங்க இதப் படிங்க.

எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டறதும் தப்பு. பூ, மருதாணி, ராக்கி, மொட்டை, மாலை போட்ட பையன் தாடி, இதெல்லாம் நாம செய்யறது, முடி சுருட்டையா இருக்கறது நாம செய்யறது இல்ல. ரெண்டையும் சேத்துப் பேசினா ஸ்கூல் சுலபமா, அப்ப நாளைக்கு எல்லாரும் எல்லாத்தையும் கேப்பாங்கன்னு பேச்ச முடிச்சிரும். பண்டிகை சமாச்சாரத்துக்குத் தனியா ஒரு பிடி இருக்கு, ராக்கி, திலகம், மெஹந்தி வெச்சுட்டு வந்தா பிள்ளைங்களத் தண்டிக்கக் கூடாதுன்னு 2023-ல தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் எல்லா மாநிலத்துக்கும் லெட்டர் போட்டிருக்கு. மும்பை செம்பூர்ல ஒரு காலேஜ் ஹிஜாப் போடக் கூடாதுன்ன கேஸ் 2024-ல சுப்ரீம் கோர்ட் போனப்போ, நாளைக்கு பொட்டு வெச்சா வேணாம்பீங்களான்னு பெஞ்ச்லேந்தே கேட்டாங்க, அது துணி விவகாரம், நீங்க அதையும் இதுல இழுக்க வேணாம்.

மொட்டைக்கு ஒரே ஒரு விஷயம், முன்கூட்டியே சொல்லிருங்க. எங்க நாத்தனார் மக ரெண்டாங்கிளாஸ், மே லீவுல திருச்செந்தூர்ல மொட்டை போட்டுட்டு ஸ்கூல் தொறந்த அன்னிக்கு சந்தனத் தலையோட போயிருக்கா. மராட்டிக்கார டீச்சர் அவள ஓரமா கூட்டிட்டுப் போய் மெதுவா, "கர் மே குச் ஹுவா க்யா பேட்டா?"ன்னு கேட்டிருக்காங்க, வீட்டுல யாராவது தவறிட்டாங்களோன்னு பயந்துட்டாங்க. பிள்ளை ஆமா முருகன்னு சொல்லிருக்கா. காலண்டர்ல ரெண்டு வரி எழுதிருந்தா அந்தம்மா அன்னிக்கு நிம்மதியா சாப்பிட்டிருப்பாங்க.

கடைசியா, வாட்ஸாப் குரூப்ல கத்தறது. நான் கத்தினேன், நாப்பது பேர் கை கூப்பற எமோஜி போட்டாங்க, மறுநாள் ஸ்கூல் கேட்டுக்கு ஒருத்தரும் எங்கூட வரல, ஆனா ஸ்க்ரீன்ஷாட் மட்டும் மிஸ் கைக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் பொண்ணுகிட்டயே கேட்டேன், ஒனக்கு என்ன வேணும்டின்னு. மிஸ் சாரி சொல்லணும்பான்னு நெனைச்சேன். "எந் தலைய யாரும் தொடக் கூடாதும்மா, அவ்ளோதான்"ன்னா. அதையே லெட்டர் ஆக்கினோம். எந்தத் தேதி, என்ன நடந்துச்சு, ரூல்ல எந்த வரி, அதுல எதெல்லாம் அவ ஏற்கெனவே செய்யறா, இனிமே ஏதாவது சொல்லணும்னா எங்ககிட்ட சொல்லுங்க, பிள்ளை தலைய யாரும் தொடக் கூடாது. கோவம் ஒரு சொட்டு இல்ல. ரெண்டு காப்பி, ஒண்ணுல ஆபீஸ் முத்திரை வாங்கிட்டு வந்தேன், ரப்பரோட வெட்டின முடிய போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அதையும் பின் பண்ணேன்.

சாரி எல்லாம் வரல. பத்து நாள் கழிச்சு கிளாஸ் டீச்சர் கூப்பிட்டு, அகல கறுப்பு ஹேர்பேண்ட் போட்டு ஒத்தக் கொண்டைன்னா ஓகேன்னாங்க. அந்த மிஸ் இன்னமும் என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறாங்க, இருக்கட்டும்.

சின்னவளுக்கும் சுருட்டைதான். இந்த வருஷம் அட்மிஷனுக்கு வேற ஸ்கூல் போனப்போ ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ரூல் புக் காட்டுங்கன்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்தவர் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேன்னு ஒரு மாதிரி பாத்துட்டு, ஜெராக்ஸுக்கு அஞ்சு ரூபா ஆகும்னாரு. குடுத்தேன்.