இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகள்: அரிய நூல்களைக் காக்கும் நூலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. 'அரபு நூல், சமயம்' என்ற ஒற்றை வரியோடு கிடக்கும் பிரதியை எந்த ஆய்வாளர் தேடிக் கண்டுபிடிப்பார்? பட்டியல் சரியாக இருந்தால்தான் படத்துக்கே பயன்.

அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அரபு மொழி ஆகிவிடாது. பாரசீகம், உஸ்மானியத் துருக்கி, மலாய், ஹவுசா, ஏன், அர்வி என்ற பெயரில் நம் தமிழும் அந்த எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மொழியைத் தப்பாகக் குறித்தால், அந்தப் பிரதி உரியவர் கண்ணில் படாமலே போய்விடும். அதேபோல, ஒரே கட்டுக்குள் ஐந்தாறு சிறு நூல்கள் சேர்ந்திருப்பது சகஜம். முதல் நூலின் தலைப்பை மட்டும் எழுதினால் மற்றவை மறைந்துபோகும்.

பிரதியின் ஆண்டைக் கி.பி.க்கு மாற்றும்போது, இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியோடு 622-ஐக் கூட்டிவிடுகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1000 என்பது 1591-92. கூட்டிப் பார்த்தால் 1622 என்று வரும். முப்பது வருடப் பிழை! பெயர்களிலும் கவனம் வேண்டும். இப்னு சீனா என்று தேடுபவருக்கும், அதே அறிஞரை ஐரோப்பியர் அழைக்கும் பெயரான அவிசென்னா என்று தேடுபவருக்கும் ஒரே பிரதி கிடைக்க வேண்டும். மூல எழுத்திலும் பெயரைப் பதிவது அவசியம்.

என்னை மிகவும் வருத்துவது ஓரங்களை ஒதுக்குவதுதான். முதல் தாளில் வக்ஃப் (அறக்கொடை) குறிப்பு, பழைய உரிமையாளர்களின் முத்திரைகள். சில பிரதிகளில் இந்த நூலை இன்ன ஆசிரியர் முன் இன்னார் வாசிக்க இன்னார் கேட்டனர் என்ற சான்று. ஒரு நூல் எந்த ஊரில், யார் கையில் வாழ்ந்தது என்பதற்கு இவைதான் சாட்சி. எழுத்துப் பரப்பை மட்டும் வெட்டிப் படமெடுத்தால் இவ்வளவும் போய்விடும். அட்டை, அதன் மடிப்பு, வெற்றுத் தாள் எல்லாம் படத்தில் வரட்டும். பக்கங்களின் வரிசை வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டும். தாள் மாறியிருக்கிறதா என்று பார்க்க, வலப்பக்கத்தின் அடியில் தனியாக எழுதியிருக்கும் சொல்லை எதிர்ப்பக்கத்தின் முதல் சொல்லோடு ஒப்பிட்டாலே போதும்.

கடைசியாக, பட்டியல் முழுமையாகும்வரை எதையும் வெளியே காட்டாமல் வைத்திருப்பது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம் 2009-இல் தொடங்கிய திட்டத்தில், விவரம் போதாத பிரதிகளின் படங்களை முதலில் இணையத்தில் வைத்து, அறிஞர்களின் கருத்துகளைக் கேட்டுப் பட்டியலைச் செம்மைப்படுத்தியது. எந்த நூலகமும் இதைச் செய்யலாம்.