பரிணாமத்தை போர்டு கேமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிணாமத்தை வைத்து ஒரு போர்டு கேம் செய்யலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் தயாரிப்பது ஒரு கார்டு கட்டு. நீண்ட கழுத்து, கெட்டியான ஓடு, கூரிய பல், இருட்டில் பார்க்கும் கண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. உணவு டோக்கன் சேர்த்தால் வேண்டியதை வாங்கி, தன் விலங்கின்மேல் அடுக்கிக்கொண்டே போகலாம். ஆட்டம் நன்றாகவே ஓடும். ஆனால் அதில் பரிணாமம் எங்கே இருக்கிறது? கழுத்துக்குப் பதில் பீரங்கி, ஓட்டுக்குப் பதில் கவசம் என்று படத்தை மாற்றினால் அதே ரூல்கள் ஒரு போர் விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும்.

பரிணாமத்துக்கு முக்கியக் காரணமான இயற்கைத் தேர்வு நடக்க மூன்று வேண்டும். ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்குப் போக வேண்டும். அதனால் சிலவை அதிகம் பிழைத்துப் பெருக, சிலவை குறைய வேண்டும். உங்கள் ரூல் புக்கைத் திறந்து, இந்த மூன்றும் எந்தெந்த வரியில் நடக்கின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றில் ஒன்று விடுபட்டதால் வருபவைதான்.

தேவைக்கு ஏற்ப மாற்றம் வருவது

குளிர் வருகிறது, உடனே ரோமம் வாங்குகிறேன் என்று ஆட்டக்காரர் முடிவெடுத்தால், மாற்றம் தேவையைப் பார்த்து வருகிறது என்றாகிவிடும். இயற்கையில் மாற்றம் குருட்டுத்தனமாக வருகிறது. எது நிலைக்கும் என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது. இதைச் சொன்னதும், 'அப்படியானால் ஆட்டக்காரருக்கு என்ன வேலை?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பகடையிடம் விட்டுவிட்டால் விளையாட ஆள் தேவையில்லை.

எனக்குப் பிடித்த வழி பை. ஒரு தீவுக்குருவி இனத்தை எடுத்துக்கொள்வோம். துணிப்பையில் மூன்று நிறக் காய்கள்: பெரிய அலகு, நடு அலகு, சிறிய அலகு. ஒவ்வொரு சுற்றிலும் பையிலிருந்து ஒரு கை எடுத்து மேசையில் வைக்கிறோம். அதுதான் அந்த ஆண்டின் கூட்டம். பிழைத்த ஒவ்வொரு காய்க்கும் அதே நிறத்தில் இன்னொரு காய் சேர்ந்து பைக்குத் திரும்புகிறது. குஞ்சு பிறக்கும்போது பகடையில் 1 விழுந்தால் மட்டும் பக்கத்து அளவுக்கு மாறுகிறது. ஆக, வேறுபாடும் மரபும் பைக்குள்ளேயே இருக்கின்றன. ஆட்டக்காரர் முடிவெடுப்பது கூட்டத்தை எந்தத் தீவில், எந்தத் தீனியை நம்பி இறக்குவது, எப்போது இடம்பெயர்வது, யாரோடு மோதுவது என்பதை. அலகை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. சில சுற்றுகள் கழித்துப் பைக்குள் கைவிடும்போது எந்த நிறம் அதிகம் வருகிறது என்பதை அவரே உணர்வார்.

இதில் இன்னொன்றும் கவனிக்கலாம். இனத்தை ஒரே ஒரு காயாக, உயிர்ப்புள்ளிகளோடு ஒரு கதாநாயகன்போல வைப்பதும் பரவலான தவறு. ஒற்றை விலங்கு பரிணாமம் அடைவதில்லை, கூட்டம்தான் அடைகிறது. காய்கள் சாவது ஆட்டத்தின் இயல்பான நடப்பாக இருக்க வேண்டும்.

எல்லாரையும் ஒரேபோல அடிக்கும் பேரிடர்

'எரிமலை வெடித்தது. எல்லாரும் 2 காய்களை எடுத்துவிடுங்கள்.' இப்படி ஒரு கார்டு இல்லாத பரிணாம விளையாட்டைப் பார்ப்பது அரிது. எல்லாரும் இரண்டு இழந்தால் அங்கே தேர்வு எதுவும் நடக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். ஒரு நிகழ்வுக் கார்டு, யாருக்கு எது சாதகம் என்பதைப் புரட்டிப் போட வேண்டும்.

கலாபகஸ் தீவுகளில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியும் அவர்களது குழுவினரும் பதிவுசெய்தது இதற்கு ஒரு பாடம். 1977-இல் மழை பொய்த்தது. சிறிய மென்மையான விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்தன. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். நம்மூர் நெருஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்காய்களும் அவற்றில் அடக்கம். 'நடுத்தரத் தரைக் குருவி' என்ற இனத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மாண்டன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாகச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது, அது குஞ்சுகளுக்கும் போனது. பிறகு 1982–83-இல், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்து மழை கொட்டித் தீர்த்தது. சிறிய விதைகள் பெருகின. அடுத்த ஆண்டுகளில் சிறிய அலகுக்குத்தான் யோகம்.

இதை அப்படியே ரூலாக்கலாம். வறட்சி ஆண்டில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பகடை: பெரிய அலகு 1, 2 விழுந்தால் சாகும், நடு அலகு 4 வரை, சிறிய அலகு 5 வரை. பெருமழை ஆண்டில் அதே அட்டவணை தலைகீழ். ஒரே கார்டு ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்குச் சாபமாகவும் அமையும். அடுத்த இரண்டு ஆண்டுகளின் கார்டுகளை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டால், ஆட்டக்காரர்கள் இடம்பெயர்வதா, தாக்குப்பிடிப்பதா என்று யோசிக்க அவகாசமும் கிடைக்கும்.

சூழல் என்றால் வானிலை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களும் சூழல்தான். 1997-இல் ஜெர்மனியில் வெளிவந்த 'உர்சுப்பே' விளையாட்டில் ஒவ்வொருவரிடமும் அமீபாக்கள் இருக்கும். ஓர் அமீபா மற்ற நிறத்து உணவைத் தின்று, தன் நிறத்தில் கழிவை விடும். அந்தக் கழிவு மற்றவர்களுக்கு உணவு. பக்கத்தில் இருப்பவரை ஒரேயடியாக ஒழித்தால் நமக்கே தீனி குறையும். இத்தனை சிக்கனமான ஒரு ரூலில் உணவுச் சங்கிலியின் சாரத்தை அடக்கியிருப்பதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

முன்னால் போனவர் போய்க்கொண்டே இருப்பது

வடிவமைப்பாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பிழைத்தவை பெருகும், பெருகியவை இன்னும் அதிகம் தின்னும், தின்றவை மேலும் பெருகும். மூன்றாவது சுற்றில் முந்தியவரை அப்புறம் யாரும் பிடிக்க முடியாது. இதைச் சரிசெய்ய, முன்னிலையில் இருப்பவருக்கு வரி, கடைசியில் இருப்பவருக்குச் சலுகை என்று வெளியிலிருந்து ஒட்டுப்போடுகிறார்கள். அது வேண்டியதே இல்லை. இயற்கை தானே ஒரு தடை வைத்திருக்கிறது: பலவற்றில், அரிதாக இருப்பதே அனுகூலம்.

கலிஃபோர்னியாவில் ஒருவகைப் பல்லி இருக்கிறது. அதன் ஆண்களில் மூன்று தொண்டை நிறம். ஆரஞ்சு நிறத்தான் முரடன், பெரிய பரப்பை வளைத்துப் பல பெண்களை வைத்திருப்பான், நீலத்தானை விரட்டிவிடுவான். நீலத்தான் சிறிய இடத்தில் தன் துணையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பான். மஞ்சள் நிறத்தான் பெண்ணைப்போலத் தோற்றம் காட்டி ஆரஞ்சு நிறத்தானின் பரப்புக்குள் நைசாக நுழைந்துவிடுவான், ஆனால் நீலத்தானிடம் அந்த வேலை பலிக்காது. ஆரஞ்சு பெருகினால் மஞ்சளுக்குக் கொண்டாட்டம். மஞ்சள் பெருகினால் நீலத்துக்கு. நீலம் பெருகினால் மறுபடி ஆரஞ்சுக்கு. 1996-இல் வெளியான ஆய்வு இந்தச் சுழற்சியைக் காட்டியது. எதுவும் நிரந்தரமாக ஜெயிப்பதில்லை.

உங்கள் விளையாட்டில் இதைக் கொண்டுவரப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. 'ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வேட்டை விலங்கு, மேசையில் அதிகம் இருக்கும் நிறத்திலிருந்து 3 காய்களை எடுக்கும்' என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். வேட்டை விலங்குகள் அடிக்கடி கண்ணில் படுவதைத் தேடிப் பழகிக்கொள்வது உண்மையிலேயே நடப்பதுதான். இந்த வரி சேர்ந்ததும், கூட்டத்தைப் பெருக்குவதா அடக்கி வைப்பதா என்று ஒவ்வொரு சுற்றிலும் மேசையில் ஒரு தயக்கம் தெரியும். எனக்கு அந்தத் தயக்கம்தான் ஆட்டத்தின் உயிர்.

இதன் பக்கத்திலேயே இருக்கும் தவறு, விலையில்லாப் பண்புகள். ஓடு இருந்தால் வேகம் குறைய வேண்டும். பெரிய மூளைக்குத் தீனி அதிகம் வேண்டும். மெக்சிகோவின் இருண்ட குகைகளில் வாழும் மீன்கள் கண்ணையே இழந்திருக்கின்றன. ஆகவே ஒரு பண்பை இழப்பதும் சில வேளை லாபமாக ஆட்டத்தில் அமைய வேண்டும். மீன், தவளை, பாம்பு, குரங்கு, மனிதன் என்று ஏணி போட்டு மேல்படிக்கு அதிகப் புள்ளி கொடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். பாக்டீரியா இன்றும் செழிப்பாகத்தான் இருக்கிறது.

அழிந்தவர் வெளியே உட்காருவது

இனம் அழிவது இந்தப் பொருளுக்கு அவசியம். ஆனால் அழிந்த ஆட்டக்காரர் ஒரு மணிநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 2014-இல் வந்த 'எவல்யூஷன்' விளையாட்டில் இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. ஒருவரிடம் பல இனங்கள் இருக்கலாம். ஓர் இனம் அழிந்தால் அதிலிருந்த பண்புக் கார்டுகளின் எண்ணிக்கைக்குப் புதிய கார்டுகள் கிடைக்கும். அதுவரை தின்ற உணவு புள்ளியாகக் கையில் நிற்கும்.

காய்களும் சுற்றுகளும் போதாமல் போவது

ஆளுக்கு நான்கு காய், ஐந்து சுற்று என்று வைத்துவிட்டுத் தேர்வு தெரியவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். பச்சை, பழுப்பு என்று இரண்டே நிறக் காய்கள் என்று வைப்போம். ஒவ்வொரு சுற்றிலும் பச்சை நான்கில் மூன்று பிழைக்கும், பழுப்பு நான்கில் இரண்டு. பத்தில் ஒன்றுதான் பச்சை என்று தொடங்கினால், பச்சை பாதியைத் தாண்ட ஆறு சுற்றுகள் ஆகும். அந்தப் பச்சை ஒரே காயாக இருந்தால் முதல் சுற்றிலேயே நான்கில் ஒரு வாய்ப்பில் மறைந்துவிடும். அதன் சிறப்பு எதற்கும் உதவாது. கூட்டம் சிறியதானால் தேர்வைவிட அதிர்ஷ்டமே பேசும். அதையே தீவுக் குடியேற்றம் என்று ஆட்டத்தின் கருவாக வைத்துக்கொண்டால் தவறில்லை. வேண்டாம் என்றால் ஆளுக்கு இருபது காயாவது கொடுங்கள். எட்டுப் பத்து சுற்றுகள் ஓடும்படி, ஒரு சுற்றை ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள்.

கார்டில் 'ஒடுங்கு மரபணு' என்றெல்லாம் எழுத வேண்டாம். அது ஆட்டத்தில் என்ன செய்யும் என்று எழுதினால் போதும்.

அட்டை வெட்டி, படம் வரைவதற்கு முன் ஒரு சோதனை. புளியங்கொட்டை, குன்றிமணி, சோழி என்று கிடைத்ததைக் காய்களாக்கி, ஆட்டக்காரர் முடிவுகள் எதுவும் இல்லாமல் ரூல்களை மட்டும் தனியாக எட்டுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். வறட்சிக் கார்டுகளை வைத்து ஒரு தடவை, மழைக் கார்டுகளை வைத்து ஒரு தடவை. இரண்டு முறையும் பையில் மிஞ்சும் கலவை ஒரேமாதிரி இருந்தால், உங்கள் ரூல்களில் தேர்வு இன்னும் நுழையவில்லை. பிழைப்பு அட்டவணையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.