மாலைத் தியானத்தில் வந்த தூக்கம்

2011-இல் சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமில் உட்கார்ந்தேன். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், முதல் மூன்று நாள் மூச்சு வந்து போவதைக் கவனிக்கிற ஆனாபானா மட்டும், நான்காம் நாள்தான் உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கிற விபாசனா. அங்கே சிக்கல் இல்லை. வீட்டில்தான்.

காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று சொல்லி அனுப்பினார்கள். காலை சரி. மாலையில் கண்ணை மூடிப் பத்து நிமிடத்தில் தலை முன்னால் சாயும், வாயோரம் எச்சில் ஒழுகிச் சட்டையில் படும், திடுக்கிட்டு நிமிர்வேன், மறுபடி சாயும். ஐந்தாறு வருடம் இப்படியே போனது, எனக்கு இது வராது என்றே நினைத்துவிட்டேன்.

அப்புறம் அங்குத்தர நிகாயம் என்ற பாலி பௌத்த நூல் தொகுப்பில் ஒரு சூத்திரம், அதாவது புத்தரின் உரை, கண்ணில் பட்டது. புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே தியானத்தில் தூக்கம் வந்திருக்கிறது! காதைப் பிடித்து இழு, கண்ணைத் தண்ணீரில் கழுவு, நட்சத்திரங்களைப் பார், எழுந்து நட என்று புத்தர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். படித்ததும் அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்கிறேன். போர்வையை நான்காக மடித்து இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி வைத்தேன், முதுகு தானாக நிமிர்ந்தது. தலை சாய்ந்தால் முகம் கழுவிவிட்டு மொட்டை மாடியில் கொஞ்சம் நடந்து வந்து மறுபடி உட்கார்கிறேன். இப்போது பெரும்பாலான மாலைகளில் ஒரு மணி நேரம் முழுதாக உட்கார முடிகிறது.