பீமிலிருந்து விழுந்தால் மறுபடி ஏறுவது எப்படி?

ஜிம்னாஸ்டிக்ஸில் மேலே ஏறி வித்தை செய்யும் ஒடுங்கிய நீளக் கட்டைதான் பேலன்ஸ் பீம். அதன் அகலம் 10 செ.மீ., உயரம் 125 செ.மீ. போட்டியில் விழுந்தால் 1 புள்ளி போய்விடும். திரும்ப ஏற 10 விநாடிதான். தாண்டினால் அதற்கும் தனியாகக் கழிப்பார்கள். அந்தப் பத்து விநாடியில் என்ன செய்வது என்பதையும் பயிற்சியிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

கணுக்கால், மணிக்கட்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அடுத்த அசைவுக்கு ஒரே ஒரு சொல்லை, 'இடுப்பு', 'முழங்கால்' என்பதுபோல, மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஏறுங்கள். போன புள்ளியைக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அடுத்து வரும் எளிய திருப்பத்திலும் தடுமாறுகிறார்கள். அப்படிச் சிறு பிழைகளுக்கு 0.1, 0.3 என்று சொட்டுச் சொட்டாகப் புள்ளி கசிவது, விழுந்ததில் போனதையே தாண்டிவிடும்.

பயம் பிடித்துக்கொண்டால் கதை வேறு. நேற்றுவரை வந்த பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னோக்கித் தாவிக் கையூன்றிப் புரளுவது) இன்று வராது. கையைத் தூக்கி நின்றாலும் உடல் கிளம்பாது. "செய்யாமல் வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று இருபது முறை முயல்வது பலர் செய்யும் பிழை. இருபது முறையும் தயங்கி நின்றால் உடல் பழகியது தயக்கத்தைத்தான். இரண்டு முறை தடைபட்டதும் ஒரு படி இறங்குங்கள்.

முதல் படி தரையில் போட்ட கோடு. அடுத்தது தரையை ஒட்டிய தாழ்வான பீம். பிறகு மேல்மட்டம்வரை மெத்தை அடுக்கிய உயர பீம். அங்கே ஒவ்வொரு மெத்தையாக எடுக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக வந்தால் மேலே போகலாம். நன்றாக வந்த நாளின் உற்சாகத்தில் இரண்டு மெத்தைகளைச் சேர்த்து உருவினால் பயம் மறுபடி வந்து உட்காரும். பயிற்சியாளரின் கையும் ஒரு மெத்தைதான்: முதலில் முதுகைத் தாங்கட்டும், பிறகு விரல்மட்டும் தொடட்டும், பிறகு அவர் பக்கத்தில் நின்றால் போதும். இதையெல்லாம் உடம்பு சூடேறியதுமே செய்யுங்கள், களைத்த கடைசி அரைமணியில் வேண்டாம்.

காற்றில் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தப்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு அதுதான் நேர்ந்தது. பல இறுதிகளிலிருந்து விலகினார். பீமுக்குத் திரும்பியபோது உடலை முறுக்காத இரட்டைக் குட்டிக்கரணத்தோடு இறங்கி வெண்கலம் வாங்கினார். படி இறங்குவதை வெட்கமாக நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

நோட்டில் தேதி, படி, சுத்தமாக வந்த எண்ணிக்கை மூன்றையும் குறியுங்கள். மூட்டில் வலியோ வீக்கமோ இருந்தால் அன்றைக்குக் குறிக்க வேண்டியது ஒன்றுதான்: பயிற்சி இல்லை, மருத்துவர்.