கான்கிரீட் ஊற்றும் முன் மாடலைத் திறந்து பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் என்னிடம் மாடல் வேலை, அதாவது கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரையும் வேலை, பழகிய தம்பிகள் இருவர் வெளிநாட்டு அணுமின் திட்டம் ஒன்றுக்குப் புறப்படுகிறார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கோலாலம்பூரில் ஒரு நிலத்தடி நிலைய வேலையில், குழாய் நுழையச் சுவரில் விட வேண்டிய ஸ்லீவ் (உறைக்குழாய்) 300 மில்லிமீட்டர் தள்ளிப் போனது. மாடலில் சரியாகத்தான் இருந்தது. கம்பி கட்டியவர்கள் கையில் பழைய வரைபடத்தின் பிடிஎஃப். அங்கே கான்கிரீட்டைத் துளைக்கும் கோரிங் மெஷினை வைத்துச் சமாளித்தோம். அணு உலைக் கட்டடத்தில் அது நடக்காது. சுவர் ஒரு மீட்டருக்கு மேலும் தடிமனாக இருக்கும், உள்ளே நெருக்கமான கம்பி. ஒரு கம்பியை அறுக்க நினைத்தாலே வலிமைக் கணக்கு, கதிர்வீச்சுத் தடுப்புக் கணக்கு எல்லாவற்றையும் மறுபடி பார்த்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

அதனால் முதலில் டேக் எண்ணை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அடையாள எண்ணை, பாருங்கள். மாடலில், கொள்முதலில், வெல்டிங் பதிவில் ஒரு வால்வுக்கு ஒரே எண். ஓரிடத்தில் எண்ணின் நடுவே வரும் ஒரு சிறு கோடு (-) விடுபட்டாலும் கணினி அதை இரண்டு வால்வாக எண்ணிக்கொள்ளும். அப்புறம் ஃபைலின் நிலை. கட்டடத் தகவல்களை நிர்வகிக்கும் ஐஎஸ்ஓ 19650 முறையில் எஸ்1 என்றிருந்தால், மற்றத் துறைகளின் மாடலோடு ஒருங்கிணைத்துப் பார்க்க மட்டும். அதை வைத்துக் கட்டக் கூடாது.

அடுத்தது மோதல் சோதனை. இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். குழாயோடு குழாய் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கான்கிரீட்டில் பதிக்கும் எஃகுத் தகடான எம்பெட் பிளேட்டின் பின்னால் நிற்கும் ஸ்டட்கள் (எஃகு முளைகள்) கம்பிகளுக்கு நடுவே நுழையுமா? இன்சுலேஷன் போட்ட பிறகு இடைவெளி மிஞ்சுமா? குழாய் சூடேறி நகர இடம் உண்டா? வெல்டரின் கையும் டார்ச்சும் உள்ளே போகுமா? கம்பியையும் மாடலில் வரையாமல் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது.

வடிவமைப்பு நடுவில் மாறினால் சுமை எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையம் சாட்சி. பிரிட்டிஷ் விதிகளுக்காக 7,000 மாற்றங்கள், 35 சதவீதம் கூடுதல் எஃகு, 25 சதவீதம் கூடுதல் கான்கிரீட் என்று அதைக் கட்டும் ஈடிஎஃப் நிறுவனமே சொன்னது. மாற்றம் வந்தால் அது தொடும் டேக் எண்களின் வேலையை எல்லாம் அன்றைக்கே நிறுத்தி வையுங்கள்.

ஊற்றுவதற்கு முந்தைய நாள் டேப்லெட்டோடு சர்வேயரையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். ஒவ்வொரு ஸ்லீவையும் அளந்து மாடலோடு ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்து. ஊற்றி, பலகை கழற்றியதும் லேசர் ஸ்கேன் எடுத்து, கிடைத்த அளவை மாடலில் அதே டேக் எண்ணில் ஏற்றுங்கள். ஸ்பூல் (பொருத்தத் தயாராகச் செய்யும் குழாய்த் துண்டு) வெட்டுகிறவர் எடுக்க வேண்டியது இந்த அளவைத்தான், வரைபடத்தில் உள்ளதை அல்ல.